மணியின் மேல் வரைந்த குடை

நேற்றுக் காலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஏதோ போட்டார். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பார்ப்பதற்குள் அவரே அதை அழித்துவிட்டார். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி மட்டும் அங்கே உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே அவர் மகன், குழுவைக் கட்டி மேய்க்கிறவன், ஒரு கும்பிடு பொம்மை போட்டிருந்தான். குழுவின் நெற்றியிலேயே எழுதி வைத்திருக்கிறான்: 'அரசியல் வேண்டாம் ப்ளீஸ்.' சித்தப்பா என்ன போட்டிருப்பார் என்று ஊகிக்கப் பெரிய மூளை ஒன்றும் தேவைப்படவில்லை.

அரசியல் வேண்டாமாம். எங்கள் குடும்பத்தில்! அப்பா இருந்து இதைப் படித்திருந்தால் காபி புரையேறியிருக்கும்.

எதிர் அடுக்ககத்துக்கு இரண்டு நாளாகப் பெயிண்ட் அடிக்கிறார்கள். இப்போதைய பெயிண்ட்டுக்கு வாசனையே கிடையாதாம், விளம்பரத்தில் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கோ வாசனை வேண்டும். தகர டின்னில் கொதித்து ஆறிய சுண்ணாம்பின் வாசனை, அதில் கொஞ்சம் நீலம் கரைத்து அடித்தால் மூக்கைக் காரமாகத் தொடுமே, அந்த வாசனை. எலெக்‌ஷன் வருகிறது என்று எங்களுக்கு முதலில் சொல்வது, சுவரில் சின்னம் வரைய அடிக்கும் அந்தச் சுண்ணாம்புதான். பேப்பர், டிவி எல்லாம் அப்புறம்.

எங்கள் வீடு மந்தைவெளியில் ஒரு தெருமுனையில் இருந்தது. முனை வீடென்றால் மதில் சுவருக்கு இரண்டு முகம். ஒன்று பெரிய தெருவைப் பார்க்கும், மற்றது சந்தைப் பார்க்கும். தாத்தா இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவாக விட்டுப்போன வீடு. ஒரே சமையலறை, ஒரே கூடம், ஒரே டிவி. அப்பா மூத்தவர், கிண்டி எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. சித்தப்பா இளையவர், மார்க்கெட் பக்கம் தையல் கடை வைத்திருந்தார். அப்பா ஒரு கட்சி, சித்தப்பா நேர் எதிர்க் கட்சி. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்கு வருவீர்கள். இப்போதைக்கு அப்பா கட்சியின் சின்னம் குடை, சித்தப்பா கட்சியின் சின்னம் மணி என்று வைத்துக்கொள்வோம்.

பெரிய தெருப் பக்கச் சுவர் அப்பாவுக்கு, அதாவது குடைக்கு. சந்துப் பக்கம் சித்தப்பாவின் மணிக்கு. அண்ணன் என்ற மரியாதையில் நடந்த பங்கீடு அது. ஆனால் டீக்கடை இருந்தது சந்துப் பக்கம். நின்று டீ குடிக்கிறவன் ஒவ்வொருவனும் மணியைப் பார்த்துக்கொண்டே குடித்தான். அப்பாவுக்கு இது தீராத வயிற்றெரிச்சல். எலெக்‌ஷன் முடிந்த கையோடு, அடுத்த எலெக்‌ஷனுக்கும் இந்தச் சுவர் தங்களுக்குத்தான் என்று சித்தப்பா ஓரத்தில் 'ரிசர்வ்டு' என்று எழுதி வைத்துவிடுவார். சொந்த வீட்டுச் சுவரில், சொந்த அண்ணனுக்கு எதிராக ரிசர்வேஷன். இந்தக் கூத்து உலகத்தில் வேறு எங்கே நடந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

சுவரோடு நின்றதா என்றால் இல்லை. அப்போது கேபிள் வந்துவிட்ட காலம். இரண்டு கட்சிக்கும் இரண்டு சேனல், அரை மணி இடைவெளியில் செய்தி. முதல் சேனலில் மழை பெய்தால் உழவர்கள் மகிழ்ச்சி. அரை மணி கழித்து அதே மழைக்கு இன்னொரு சேனலில் ஏரி உடைந்திருக்கும். ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளைகளான அந்த இரண்டு பேரும் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து, ஒருவர் செய்திக்கு மற்றவர் சிரித்துக் கடுப்பேற்றுவார்கள். இதில் கொடிகளைத் தைப்பது யார் என்கிறீர்கள்? இரண்டு கட்சிக்கும் சித்தப்பாதான். கொள்கை வேற, தொழில் வேற என்பார். குடைக் கொடிகளுக்கு வேண்டுமென்றே ஒற்றைத் தையல் போடுகிறான், காற்றடித்தால் கிழியட்டும் என்றுதான் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டு அடுத்த கட்டுத் துணியையும் அவரிடமே கொண்டுபோய்க் கொடுப்பார்.

யோசித்துப் பார்த்தால் அவர்கள் வேறு எதைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை. அண்ணன் தம்பிக்குள் உடம்பு எப்படி இருக்கு, கடை எப்படிப் போகுது என்றெல்லாம் கேட்டுக்கொள்ளத் தெரியாது. ஒரு தடவை அப்பா டைஃபாய்டில் வாடிப்போய்ப் படுத்திருந்தார். சித்தப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து கட்டில் பக்கத்தில் பன்னையும் மாத்திரையையும் வைத்தார். வைத்துவிட்டுச் சும்மா போகவில்லை.

"எலெக்‌ஷன் வர்றதுக்குள்ள ஒழுங்கா எழுந்து உட்காருங்க. உங்க ஆளு தோத்தா, ஒரு ஓட்டு குறைஞ்சிடுச்சுன்னு சாக்கு சொல்லக் கூடாது பாருங்க."

அப்பா எழுந்து உட்கார்ந்து பதிலுக்குத் திட்டினார். திட்டிக்கொண்டே பன்னைச் சாப்பிட்டார். மூன்று நாளாகக் கஞ்சி கூட இறங்காத மனிதர்.

இப்போது அம்மாவையும் சித்தியையும் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் கட்சியே கிடையாது. அவர்கள் கட்சி அந்தச் சமையலறைதான். ஒரே அம்மியில் இரண்டு பேரும் அரைத்து, ஒரே ரவிக்கைத் துணியை இரண்டாகக் கிழித்துத் தைத்துக்கொண்டு, ஒருத்திக்குத் தலைவலி என்றால் மற்றவள் காபி போட்டுக் கொடுத்து வாழ்ந்தவர்கள். அம்மா சித்தப்பாவைத் 'தம்பி' என்றுதான் சொல்வாள். சித்தி அம்மாவை 'அக்கா' என்று கூப்பிடும்போது கூடப்பிறந்தவர்கள் இல்லை என்று யாரும் நம்பமாட்டார்கள்.

இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். வீட்டில் ஒரு காரியம் நடக்கக் கூடாது என்றால், அண்ணன் சரி என்று சொல்லிவிட்டதாகத் தம்பி காதில் போட வேண்டும், தம்பி சரி என்று சொல்லிவிட்டதாக அண்ணன் காதில் போட வேண்டும். அவ்வளவுதான். இரண்டு பேரும் முடியவே முடியாது என்று குதிப்பார்கள். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போடும் திட்டம் இப்படித்தான் ஒழிந்தது. கூடத்தைத் தடுத்து இரண்டாக்கும் யோசனையும் இப்படித்தான் போயிற்று.

அந்த வைத்தியம் மிகவும் பயன்பட்டது ப்ரோமோட்டர் விஷயத்தில். மந்தைவெளியில் முனை மனை என்றால் சும்மாவா? பழைய வீடுகளை வாங்கி இடித்து அடுக்ககம் கட்டும் ஆள் ஒருவர் வருடம் தவறாமல் இனிப்புப் பெட்டியோடு வந்து நிற்பார். வெள்ளைச் சட்டை, பொட்டு, வாய் நிறைய 'ஐயா.' அம்மாவும் சித்தியும் சமையலறையில் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள். அம்மா அப்பாவிடம் போவாள், சித்தி சித்தப்பாவிடம் போவாள். அரை மணியில் ஆள் வெளியே. இனிப்புப் பெட்டி பிரிக்கப்படாமலே இஸ்திரிக்காரர் வீட்டுக்குப் போய்விடும். அந்த வீடு போனால் தாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் போக வேண்டியதுதான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மந்தைவெளியில் ஒரு வீட்டை விற்ற பங்கில் மந்தைவெளியிலேயே இரண்டு வீடு வாங்க முடியுமா?

எனக்கு அப்போது தி.நகரில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை கிடைத்த புதிது. சாயங்காலம் பாண்டி பஜார் நெரிசலில் நீந்தி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸில் தொங்கி, வீட்டுக்குள் காலை வைத்தால் இந்த இரண்டு பேரின் கத்தல். தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருக்கும். வாயை மூடிக்கொண்டு இருக்கும் வீடு ஒன்று வாடகைக்குக் கிடைக்குமா என்று ஆபீசில் விளையாட்டாகக் கேட்டிருக்கிறேன். நல்ல வாய் எனக்கு.

அந்த வருடம் எலெக்‌ஷனுக்கு முன்னால் ஒரு ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் செய்தி வந்தது. குடையும் மணியும் கூட்டணி. அரை மணி கழித்து மற்ற சேனலைப் போட்டார்கள். அதிலும் அதே செய்தி, அதே வார்த்தை, அதே பொன்னாடை. சரித்திரத்தில் முதல் தடவையாக இரண்டு சேனலிலும் ஒரே மழை. அப்பாவின் தட்டில் ரசம் சாதம் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா தம்பியைப் பார்த்தார், தம்பி தட்டைப் பார்த்தார். சித்தி மட்டும் விவரம் புரியாமல், அப்ப இனிமே சண்டை இல்லையா என்று கேட்டாள்.

பிறகுதான் வினை. எங்கள் தொகுதி குடைக்கு ஒதுக்கப்பட்டது. கூட்டணி தர்மம் என்று ஒன்று இருக்கிறதே, அதன்படி மணிக்காரர்கள் தங்கள் சுவர்களில் குடை வரைய வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவர் பெயிண்டர் சுண்ணாம்பு டின்னோடு சந்துப் பக்கம் வந்துவிட்டார். வருடக்கணக்காக எங்கள் இரண்டு சுவருக்கும் அவர்தான். பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"இன்னா நைனா, மணிய அழிச்சிடவா? நெசமாத்தான் சொல்றியா?"

"அழிப்பா. தலைமை சொல்லிடுச்சு," என்றார் சித்தப்பா. லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நின்றார். முதல் பூச்சில் மணி போகவில்லை, நீலமாக உள்ளே தெரிந்தது. இரண்டாவது பூச்சு அடிக்க வேண்டியிருந்தது. டீக்கடையில் யாரோ சிரித்தார்கள்.

நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வெளியே வந்தார். இத்தனை வருடம் அந்தச் சுவருக்காகப் பொருமிய மனிதர், இப்போது ஏதாவது குத்தலாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தம்பி முகத்தைப் பார்த்தார், திரும்பி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அவரே டபராவில் காபி எடுத்துக்கொண்டு வந்து தம்பி கையில் கொடுத்தார். டம்ளரைக் கழுவி வைத்தறியாத என் அப்பா! அன்றைக்கு அப்புறம் அவர் சந்துப் பக்கம் போகவே இல்லை. பஸ் ஸ்டாப்புக்குச் சுற்றிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு வீட்டில் சத்தமே இல்லை. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. 'நீங்க பார்த்துட்டு குடுங்கண்ணே' என்று சித்தப்பா ரிமோட்டை நீட்டுவார், 'இல்லப்பா, நீ பாரு' என்று அப்பா தள்ளுவார், கடைசியில் டிவியை யாரும் போடமாட்டார்கள். சம்பந்தி வீட்டுக்காரர்கள் போல ஒருவருக்கொருவர் எழுந்து நின்று வழிவிட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கு இருமல் வந்தால் மற்றவர் டாக்டரைப் பாரேன் என்றார், அவ்வளவுதான், பேச்சு அதோடு முடிந்தது. அம்மா சித்தியிடம் கவலையோடு சொன்னாள், எலெக்‌ஷன் முடியட்டும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று.

ப்ரோமோட்டர் எலெக்‌ஷன் வரைக்கும் காத்திருக்கவில்லை. வழக்கம்போல இனிப்புப் பெட்டியோடு வந்தார். பழக்கதோஷம், அம்மா அப்பாவிடம் போய், தம்பி சரின்னுட்டாராம் என்றாள். சித்தி சித்தப்பாவிடம் போய், உங்க அண்ணன் சரின்னுட்டாராம் என்றாள். இரண்டும் சுத்தப் பொய். சொல்லிவிட்டு இரண்டு பேரும் சமையலறைக்கு வந்து, கத்தல் எப்போது கிளம்பும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

கத்தல் கிளம்பவில்லை. கூடத்திலிருந்து சித்தப்பா குரல் மெதுவாக வந்தது.

"அண்ணன் சொன்னா சரிதான்."

அப்பா அதைக் கேட்டுத் தலையாட்டினார். "தம்பிக்கு இஷ்டம்னா எனக்கு என்ன," என்றார்.

நான் ஆபீசிலிருந்து வந்தபோது இனிப்புப் பெட்டி பிரித்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சித்தி அடுப்படி மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அம்மா அன்றைக்கே அப்பாவிடம் ஒப்புக்கொண்டாள், தம்பி அப்படிச் சொல்லவே இல்லை, நான்தான் சும்மா சொன்னேன் என்று. அப்பா நம்பவில்லை. கொழுந்தன் மேல் பழி வராமல் பேசுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார்.

"அவன் என்கிட்ட எதையும் கேட்டதில்ல. சுவரையே எனக்குக் குடுத்துட்டான், பார்த்தியா. நான் இதுக்குக் குறுக்க நின்னா மனுஷனா?"

சித்திக்குத் தன் புருஷனிடம் சொல்லும் தைரியம் கடைசிவரை வரவில்லை.

ஓட்டு எண்ணுவதற்கு முன்பே கையெழுத்தாகிவிட்டது. கூட்டணி தோற்றது. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லவில்லை, என்ன அநியாயம். சாமான் கட்டும் நாட்களில் நல்ல மழை. சந்துச் சுவரில் சுண்ணாம்பு கரைந்து, குடைக்கு அடியிலிருந்து மணி மெல்ல வெளியே தெரிந்தது. டீக்கடைக்காரர் கூப்பிட்டுக் காட்டினார். சித்தப்பா ஒரு தடவை பார்த்துவிட்டு, தையல் மெஷினை வண்டியில் ஏற்றப் போய்விட்டார். அவர்கள் பெருங்குடிக்கு, நாங்கள் திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப் போர்ஷனுக்கு. அம்மாவும் சித்தியும் அம்மி யாருக்கு என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, கடைசியில் அது அங்கேயே கிடந்தது.

சில மாதத்தில் கூட்டணி உடைந்தது. திருவல்லிக்கேணி வீட்டில் செய்தியைக் கேட்டதும் அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு, "பார்த்தியாடா!" என்று பக்கத்தில் திரும்பினார். அங்கே துணி காயப்போடும் கொடியும் நானும்தான் இருந்தோம். மறுநாளே சட்டையை மாட்டிக்கொண்டு பெருங்குடிக்குப் பஸ் ஏறினார். போய் ஒரு பிடி பிடிக்கிறேன் என்று முகமெல்லாம் மலர்ச்சியாகத்தான் போனார். திரும்பி வந்தபோது கையில் வாழைப்பழச் சீப்பு. சித்தப்பா பாய் போட்டு உட்கார வைத்தாராம், சித்தி வடை பாயசத்தோடு இலை போட்டாளாம், மின்விசிறியை அண்ணன் பக்கம் திருப்பி வைத்தார்களாம். இத்தனையும் செய்கிறவனோடு எப்படிச் சண்டை போடுவது? விருந்தாளியாகிவிட்டேன் என்றார் அப்பா. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு நாள் கிழமைக்குத்தான் போக்குவரத்து.

அப்பா போய்ப் பல வருடமாகிறது. அவர் கருமாதி அன்று சித்தப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வீட்டை விக்கணும்னு அண்ணனுக்கு ஆசை. எனக்கு மனசே இல்லம்மா. ஆனா நான் குறுக்க நிக்கல பாரு." அதை ஓர் ஆறுதலாகத்தான் சொன்னார். அண்ணனுக்குத் தான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்பது போல. எதிரே அம்மாவும் சித்தியும் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மனிதருக்கு மிச்சம் இருந்த ஒரே ஆறுதலைப் பிடுங்க எங்கள் மூன்று பேருக்கும் மனம் வரவில்லை. இப்போது சித்தியும் இல்லை.

மந்தைவெளி முனையில் இன்றைக்கு அடுக்ககம் நிற்கிறது. சுவருக்கு வழவழவென்று டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். விளம்பரம் செய்யாதீர் என்று பலகை வேறு. செய்தாலும் அதில் சுண்ணாம்பு நிற்காது. எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். என் மகன் ஒரு கட்சி என்று அவன் போனைப் பார்த்தால் தெரிகிறது, சித்தப்பா மகன் வேறொன்று. ஆனால் பொங்கலுக்குச் சந்தித்தால் கார் மைலேஜ் பற்றித்தான் பேசுகிறார்கள். கத்த மாட்டார்கள், படித்த பிள்ளைகள்.

நேற்று மனசு கேட்காமல் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். என்ன போட்டு அழித்தீர்கள் என்றேன். விரல் தப்பாகப் பட்டுவிட்டது என்றார். எனக்குள் அப்பா ஏறிக்கொண்டார். உங்க மணிக் கட்சி போன தடவை என்ன கிழித்தது, உங்க தலைவர் மேடையில் சொன்னது என்ன, செய்தது என்ன, வெட்கமாயில்லையா என்று அப்பாவின் வார்த்தைகளை ஒன்றுவிடாமல் எடுத்து வீசினேன். அந்தக் காலத்தில் இதில் கால்வாசிக்கே கூரை பறந்திருக்கும். திட்டுங்கள் சித்தப்பா, ஒரு வார்த்தை திட்டுங்கள் என்று காதில் போனை அழுத்திக்கொண்டு நின்றேன்.

"நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்," என்றார்.

போனை வைத்தேன். கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா, தம்பி என்ன சொன்னார் என்று கேட்டாள். எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை, சரி என்றார் என்றேன். அம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"சரின்னாரா? ஏண்டி, தம்பிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"